ஸ்பின்னிங் ஷெட்டில் பெய்த மழை

போன வாரம் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார். நிலாவில் பெரிய கூடாரம் கட்டி, ஒரு ஊரையே அதற்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளே மேகம் வருமா, மழை பெய்யுமா என்று. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாவுக்கு எதற்குப் போகிறீர்கள்? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு நூற்பாலையில், சன்னல் ஒன்றுகூட இல்லாத ஷெட்டுக்குள், என் மண்டை மேல் மழை பெய்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு இல்லை. அந்த மழையில் ஒரு மனிதனின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு அந்த மில்லில் காற்றுக்குப் பொறுப்பு. தண்ணீரைத் தூவி, அதன் வழியாகக் காற்றை இழுத்து, தகரக் குழாய்களில் ஷெட்டுக்குள் அனுப்பும் பிளாண்ட் என் கையில் இருந்தது. ஆட்கள் அதை ஏசி பிளாண்ட் என்பார்கள். அது ஏசி இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு சிலிர்த்துக்கொண்டு இழை அறும். ஈரம் கூடினால் பஞ்சு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். நூல் நன்றாக ஓடினால் ஸ்பின்னிங் மேஸ்திரிக்குப் பேர். அறுந்தால் எனக்குத் திட்டு. முப்பது வருடம் இப்படித்தான் போனது. உங்களுக்கும் இப்படித்தான் போகும். யாராவது பாராட்டுவார்கள் என்று நினைத்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஷெட்டுக்குள் தனி வானிலை உண்டு என்பது எனக்கு முன்பே அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பக்கம் சித்திரை வெயில். ஸ்பின்னிங் நடுவில் புழுக்கம். நூலைக் கூம்புக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங் மூலையில், காற்றுக்குழாய் வாய்க்கு நேர் கீழே, ஊட்டி. அந்த ஊட்டியில் மாரியம்மாள் என்று ஒரு பெண் மெஷின் ஓட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாய் அவளுக்கு முன்னால் இறங்கும். ஒரு நாள் குளிருது என்று, கிழிந்த அட்டைப்பெட்டியை மடித்துக் குழாய் வாயில் செருகிவிட்டாள். அந்தக் காற்று எங்கே போகும்? பக்கத்து வாயில் இரட்டிப்பாக அடித்தது. அங்கே இருந்தவளும் அட்டை செருகினாள். அடுத்தவளும் செருகினாள். வரிசை முழுக்க அட்டை. கடைசி மெஷினில் அடித்த காற்றில் காலிக் கோன்கள் பறந்து மேஸ்திரி காலடியில் போய் விழுந்தன. நான் போய்க் கத்தினேன்.

"ஏன் சார் கத்துதீய?" என்றாள் மாரியம்மாள். "நான் ஒரு ஓட்டையத்தான அடைச்சேன். மத்தது அவளுவ அடைச்சது."

அடைப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். 'நான் ஒரு ஓட்டையைத்தான் அடைத்தேன்.' இதை மனதில் வையுங்கள். பிறகு வேறொருவர் வாயில் இதையே கேட்பீர்கள். அவர் சம்பளம் மாரியம்மாளைவிடப் பல மடங்கு.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் மில்லில் ஆயுத பூஜை என்றால் காலையிலேயே ஷெட்டைக் கழுவிவிடுவார்கள். சாதாரணக் கழுவல் இல்லை. வருடம் முழுதும் தண்ணீரே காட்டாத தரையில் குழாயைப் பிடித்து அடிப்பார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பெரிய மெஷின் முன்னால் ஆள் இடுப்பளவு உயரத்தில் பித்தளைக் குத்துவிளக்கு, வாய் நிறைய எண்ணெய். சாம்பிராணிப் புகையில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. பஞ்சு மில்லுக்குள் இத்தனை நெருப்பா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். மணல் வாளி பக்கத்திலேயே இருக்கிறதே என்றார்கள். வாளிக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் ஒவ்வொரு வருடமும் முதலாளி பதிலிகளில் சிலரை நிரந்தரம் ஆக்குவார். பதிலி என்றால் யாராவது வராத நாளில் வேலை கிடைக்கும் ஆள். பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தை முதலாளி தன் கையால் கொடுத்து, "நாளையிலிருந்து நீ நம்ம ஆள்" என்றால், அவன் நிரந்தரம். அந்த வருடம் வேலுச்சாமியின் முறை. கூரை, தகரம், குழாய் எது பெயர்ந்தாலும் ஏறி ஒட்டுகிற ஆள். அவன் பெண்டாட்டி சோழபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். நிரந்தரம் ஆகிற வரைக்கும் மகளை அனுப்ப மாட்டேன் என்று அவன் மாமியார் பிடிவாதமாக இருந்தார். பூஜையன்று குடும்பத்தை மில்லுக்குள் விடுவார்கள். ஆகவே அந்த மாமியார், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, கேட் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பொரிப் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாராம்.

பூஜை தொடங்கியது. விளக்கு நிற்கவில்லை. ஏற்றினால் அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. எக்ஸாஸ்ட் மின்விசிறிகள் ஷெட்டுக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. விளக்கு எப்படி நிற்கும்? மில் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல நூல்காரர், காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்.

"எக்ஸாஸ்ட்டை நிறுத்துங்க. வெளிய போற வழி எல்லாத்தையும் அடைச்சிருங்க" என்றார்.

"சார், தரை பூராம் தண்ணி. அது போக வழி வேணும்."

"அஞ்சு நிமிசம்ங்க. பூஜை முடியட்டும்."

"விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார்."

"நல்ல நாளும் அதுவுமா விளக்கைத் தூக்கச் சொல்றீங்களே. நீங்க பேசாம இருங்க."

நிறுத்தினேன். அடைத்தேன். பூஜை முடிந்தது. நல்ல நேரம் போவதற்குள் மெஷின் ஓட வேண்டும் என்று எல்லா மெஷினையும் ஓட்டினார்கள். எக்ஸாஸ்ட் போடலாமா என்று கேட்டேன். மேனேஜர் விளக்கைக் காட்டினார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூஜை விளக்கை ஊதி அணைக்கக் கூடாது. அணைந்தது என்று வாயால் சொல்லவும் கூடாது. எண்ணெய் தீர்ந்து தானாக அடங்கும். அதற்கு மலையேறியது என்பார்கள். அந்த விளக்கில் ஊற்றியிருந்த எண்ணெய்க்கு, அது சாயங்காலம்தான் மலையேறும். அதுவரை எக்ஸாஸ்ட் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டு, முதலாளியோடு ஆபீஸ் அறைக்குப் போனார். மில்லிலேயே அசல் ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஷெட்டுக்குத் திரும்பி வந்து பொரி கொடுப்பதாக ஏற்பாடு.

நான் கோபத்தில் பிளாண்டுக்குப் போய்விட்டேன். கோபத்தில் நான் போகாத இடம் கிடையாது.

இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே கழுவிய தரை. சுற்றிலும் சூடேறிய மோட்டார்கள். தரை ஈரம் ஆவியாகி மேலே போகிறது. மேலே கூரை. முந்தின இரவு மேற்கு மலைப் பக்கமிருந்து வந்த மழையில் நனைந்து, வெயிலே வராத அன்றைய வானத்தின் கீழ் சில்லென்று கிடக்கிற ஓடு. வெளியேற வழி இல்லை. போதாததற்கு சாம்பிராணி. ஈரம் ஒட்டிக்கொள்ளத் தூசி வேண்டும். அதையும் பக்தியோடு ஊதிக் கொடுத்திருக்கிறோம். என் பிளாண்ட் வேறு தன் பங்குக்கு ஈரக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

போன் வந்தது. மேஸ்திரி. "சார், மெஷின் தெரியல."

"எந்த மெஷின்?"

"எந்த மெஷினும்."

ஓடினேன். கதவைத் திறந்தால் உள்ளே மார்கழி. இடுப்புக்கு மேல் வெள்ளையாக மூடுபனி நிற்கிறது. குழல் விளக்குகள் நிலா மாதிரி மங்கிக் கிடக்கின்றன. மாலை போட்ட மெஷின்கள் பாதி உடம்போடு ஓடிக்கொண்டிருக்கின்றன. மூடுபனிக்குள்ளிருந்து பேச்சு மட்டும் வருகிறது. பிறகு என் நெற்றியில் ஒரு சொட்டு. மூக்கில் ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. தூறல். பஞ்சு உருளைகளில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறார்கள்.

கோன் வைண்டிங் மூலையில் மாரியம்மாள் குடை பிடித்துக்கொண்டு மெஷின் ஓட்டினாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் நூல் முடிச்சு.

"ஏட்டி, எங்க பிடிச்ச இந்தக் குடைய?"

"காலைல மழை வருமோன்னு எடுத்தாந்தேன் சார். வந்துட்டுல்லா."

பக்கத்தில் இருந்தவள், "ஆண்டாளே அனுப்புன மழை, அக்கா. இல்லன்னா நாலு செவுத்துக்குள்ள பெய்யுமா?" என்றாள்.

"ஆண்டாளுக்கு வேற சோலியில்ல பாரு. உன் மெஷினுக்கு மேகம் அனுப்பிட்டுக் கெடக்கா" என்றாள் மாரியம்மாள்.

மேனேஜர் வந்தார். கூரையைப் பார்த்தார். ஒரு நொடி. அவ்வளவுதான் பார்த்தார். "யாருங்க கூரை போட்டது?"

முந்தின மாதம் வேலுச்சாமிதான் ஓடு மாற்றியிருந்தான். முந்தின இரவு மழையும் பெய்திருந்தது. இரண்டையும் கூட்டினால் ஒழுகல். சுலபமான கணக்கு. சுலபமான கணக்கைக் கண்டால் பயப்படுங்கள்.

வேலுச்சாமி புதுச் சட்டை போட்டு, பொரி வாங்க ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தான். சீவிய தலை வீணாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், நான் போட்டது ஒழுகாது சார்."

"ஒழுகாதுன்னா இது என்னய்யா, பன்னீரா? நல்ல நாள்ல முதலாளி மானத்தை வாங்கிட்டே. கேட்டுக்கு வெளிய போ. நாளைக்கும் வர வேண்டாம்."

அவன் போனான். பதிலிக்கு எதிர்த்துப் பேசும் உரிமை கிடையாது. நேராகக் கேட்டுக்குப் போக வேண்டும், அங்கே மாமியார் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் எனக்கு வாட்ச்மேன் சொன்னது இது. நனைந்து வந்த மாப்பிள்ளையை அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தாராம். வானத்தைப் பார்த்தாராம். காய்ந்து கிடந்த தன் பட்டுச் சேலையைத் தொட்டுப் பார்த்தாராம்.

"வெளிய மழையே இல்ல. உள்ள ஒழுகுதுன்னு வெரட்டிட்டாவளாக்கும். இப்படி ஒரு கூரை போட ஊர் ஒலகத்துல உங்களாலதான் முடியும் மாப்ள."

உள்ளே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிப் பார்த்தேன். எது நனைந்திருக்கிறது? ஓட்டு இணைப்பு மட்டுமா? இல்லை. ஓடு முழுக்க வியர்த்திருந்தது. கூரையைத் தொடாமல் நடுவில் தொங்கும் தகரக் காற்றுக்குழாயின் அடிவயிறும் சொட்டியது. இரும்புத் தூணும் வியர்த்திருந்தது. தம்பிகளா, தங்கச்சிகளா, எழுதிக்கொள்ளுங்கள். எது நனைந்தது என்று முதலில் பாருங்கள். யார் நனைத்தது என்று பிறகு கேளுங்கள். மில்லில் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

"சார், இது ஒழுகல் இல்ல. உள்ளயே உண்டான மழை" என்றேன்.

"ஏங்க, நாலு சுவத்துக்குள்ள மழை உண்டாகுமாங்க? படிச்சவர்தானே நீங்க?"

"தூணைப் பாருங்க. தூண் எங்க ஒழுகும்?"

"தூண்ல தெறிச்சிருக்கும்."

"எக்ஸாஸ்ட்டை அடைச்சதுதான் காரணம்."

"நான் விளக்குக்காக அந்த ஒண்ணைத்தானங்க அடைச்சேன்."

சொன்னேன் அல்லவா, வேறொருவர் வாயில் கேட்பீர்கள் என்று.

"மொதல்ல எல்லாக் கதவையும் திறங்க" என்று அவர் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "ஒருத்தன் திறந்தா கையை ஒடிப்பேன்" என்று நான் அதற்கு மேல் கத்தினேன். எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறந்தால் வெளிக் குளிர்காற்று மொத்தமாக உள்ளே பாயும். மூடுபனி இன்னும் கெட்டியாகும். ஓட்டில் தொங்குகிற அத்தனை சொட்டும் குலுங்கி ஒரே நேரத்தில் நூல் மேல் விழும். தூறல் அடைமழை ஆகும். முதலில் தண்ணீர் தூவும் பம்பை நிறுத்த வேண்டும். பிறகு கடைசி மூலையிலிருந்து எக்ஸாஸ்ட் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அவசரத்தில் ஒரேயடியாகச் செய்யத் தோன்றுவதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். பம்பை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். எக்ஸாஸ்ட் சுவிட்சு பக்கம் போனால், மேனேஜர் குறுக்கே நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மழையிலும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது முதலாளி வந்தார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், பின்னால் பொரிக் கூடை தூக்கியவர். ஏசி அறைக் கதவைத் திறந்தால் நேராக ஷெட். உள்ளே இரண்டடி வைத்தார், நின்றுவிட்டார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கு கலக்கும்.

"ஏமய்யா இது? ஒண்ணும் கண்ணு தெரியலையே."

"கூரை ஒழுகுதுங்கய்யா" என்றார் மேனேஜர். "போட்டவனை வெளிய அனுப்பிட்டேன்."

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையும் வெள்ளையாக மூடிக்கொண்டு, அதிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி அறையின் சில்லிப்போடு வந்த கண்ணாடி. என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"ஐயா, உங்க கண்ணாடிக்கும் வேலுச்சாமிதான் ஓடு போட்டானா?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதலாளி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அங்கவஸ்திரத்தில் துடைத்தார். மாட்டினார். மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி கழற்றினார். தடவிப் பார்த்தார். குனிந்து தூணைத் தடவிப் பார்த்தார். தலையைத் தூக்கிக் காற்றுக்குழாயைப் பார்த்தார். அவர் படித்தவரோ இல்லையோ, கண்ணாடி போட்டவர். அது போதும்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று என்னைக் கேட்டார்.

"எக்ஸாஸ்ட் போடணும் ஐயா. ஆனா விளக்கு..."

முதலாளி விளக்கைப் பார்த்தார். மேனேஜர் விளக்கைப் பார்த்தார். பொரிக் கூடைக்காரரும் பார்த்தார். நல்ல நாளில் விளக்கை அணை என்று முதலாளி எப்படிச் சொல்வார்? அணைக்காதே என்றால் நூல் போச்சு. பத்துப் பேர் நனைந்துகொண்டே ஒரு விளக்கைச் சுற்றி நின்றோம். யாரும் மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. விளக்குக்கு நேர் மேலே காற்றுக்குழாயின் அடியில் ஒரு சொட்டு பருத்துக்கொண்டே வந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். புளியங்கொட்டை அளவு ஆனது. கோலிக்குண்டு அளவு ஆனது. விழுந்தது. 'சுர்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை.

"மலையேறிட்டு" என்றாள் மாரியம்மாள், குடைக்குள்ளிருந்து.

முதலாளி ஒரு கும்பிடு போட்டார். "போடுய்யா எக்ஸாஸ்ட்டை" என்றார்.

எந்த விளக்குக்காக எல்லாவற்றையும் அடைத்தார்களோ, அடைத்ததால் வந்த மழையே அதை அடக்கிவிட்டது. கடைசி மூலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மூடுபனி சுருண்டு சுருண்டு வெளியேறியது. முதலில் மெஷின்களின் தலை தெரிந்தது, பிறகு மாலை, பிறகு ஆட்கள். எல்லோரும் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி இருந்தார்கள்.

"அந்த ஆளைக் கூப்பிடு" என்றார் முதலாளி.

வேலுச்சாமியைக் கேட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். மாமியாரும் கூடவே உள்ளே வந்துவிட்டார். வாட்ச்மேன் தடுத்ததற்கு, "என் மருமவன் வேலைய நான் பாக்கணும்" என்றாராம். முதலாளி பொரிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பொட்டலம் நனைந்து, பொரி கஞ்சிப் பதத்துக்கு வந்திருந்தது. "நாளையிலிருந்து நீ நம்ம ஆள்" என்றார். வேலுச்சாமி இரண்டு கையாலும் வாங்கினான். அடியில் கிழிந்து கொஞ்சம் தரையில் விழுந்தது. மாமியார் குனிந்து அதையும் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நமுத்த பொரின்னாலும் நெரந்தரமான பொரி" என்றார். மறு வாரம் மகளை அனுப்பிவைத்தார்.

ஆக, நிலாக் கூடாரம் பற்றிக் கேட்டவரே, பதில் இது. ஈரம், சூடு, சில்லென்ற ஒரு கூரை, கொஞ்சம் தூசி, இவை உள்ளே இருந்தால் எங்கே மூடினாலும் மழை வரும். மேகத்துக்கு வானம் வேண்டியதில்லை. மூடியவன் போதும். மழை வருமா என்று கேட்கத் தெரிந்துவிட்டது உங்களுக்கு. வந்த அன்றைக்கு யாரைக் கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள் என்றும் கேட்டுப் பழகுங்கள். பெரும்பாலும் அவன் கூரைமேல் ஏறுகிறவனாக இருப்பான். அந்த நேரத்தில் தூணைத் தொட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். மற்றதெல்லாம் மீட்டர் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு எக்ஸாஸ்ட் ஒன்றையும் நிறுத்தவில்லை. வேலுச்சாமி மிச்சத் தகரத்தை வெட்டி, விளக்குக்கு மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையுமாகச் சின்ன வீடு செய்து வைத்திருந்தான். காற்று அடித்தது, விளக்கு ஆடாமல் எரிந்தது. மேனேஜர் குனிந்து அந்தத் தகரக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஒழுகாதில்லய்யா?"

வேலுச்சாமி இப்போது நிரந்தரம். எதிர்த்துப் பேசும் உரிமை வந்திருந்தது.

"மேல இருந்து ஒழுகுனா நான் பொறுப்பு சார்" என்றான். "உள்ள பேஞ்சா நீங்க."